பழைய பந்தய சைக்கிளுக்கு எந்த பி.பி., எந்தக் கிராங்க்? – வாசகர் கேள்வி பதில்

பழைய பந்தய சைக்கிள் ஒன்றை மீண்டும் சாலையில் ஓட்டிவிட வேண்டும் என்று முயலும் வாசகர்கள் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். டயர், பிரேக் கட்டை, கேபிள் ஆகியவற்றில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. எல்லோரும் தடுக்கி நிற்பது இரண்டு பெடல்களுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு சாண் இடத்தில்தான். எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் கிராங்குக்கும் (பெடலை அச்சோடு இணைக்கும் கை) பி.பி.க்கும் (பாட்டம் பிராக்கெட்) ஒதுக்கிவிட்டேன். சட்டத்தின் அடியில் பெடல் அச்சு குறுக்கே ஓடும் குட்டைக் குழாயை ஷெல் என்றும், அதன் இருபுறமும் மரையில் ஏறும் கிண்ணங்களைக் கப் என்றும், கப், அச்சு, பால்ஸ் எல்லாம் சேர்ந்ததை பி.பி. செட் என்றும் நம் கடைகளில் சொல்கிறார்கள். அந்தச் சொற்களையே நானும் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா 1970களில் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பியூஜோ பந்தய சைக்கிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. காட்டர் பின் (கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு) போட்ட இரும்புக் கிராங்கை மாற்றி அலுமினியக் கிராங்க் போட விரும்பி, புதிய ஷிமானோ பி.பி. ஒன்றை வாங்கினேன். அது இடப்பக்கம் மூன்று சுற்று ஏறி நின்றுவிட்டது. வலப்பக்கம் மரை பிடிக்கவே இல்லை. துறைமுகத்துக்கு அருகிலுள்ள லேத் பட்டறையில் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். ஓட்டலாமா? கிராங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தயவுசெய்து ஓட்ட வேண்டாம். அந்தச் சட்டம் இன்னும் கெடவில்லை. மூன்றாவது சுற்றில் ஸ்பேனரைப் போட்டு இழுக்காமல் நிறுத்திவிட்டு எழுதினீர்களே, அதுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

பழைய பந்தய சைக்கிள்களின் ஷெல்லில் நாம் எதிர்பார்க்க வேண்டிய மரைகள் முக்கியமாக நான்கு. ஆங்கில மரையின் விட்டம் 1.370 அங்குலம்; அங்குலத்துக்கு 24 மரை; ஷெல்லின் அகலம் 68 மி.மீ.; செயின் ஓடும் வலப்பக்கத்தில் இடமரை (இடஞ்சுழியாகச் சுழற்றினால் இறுகுவது), மறுபக்கத்தில் வலமரை (வலஞ்சுழியாகச் சுழற்றினால் இறுகுவது). இத்தாலிய மரையின் விட்டம் 36 மி.மீ.; அதிலும் அங்குலத்துக்கு 24 மரைதான்; ஆனால் ஷெல்லின் அகலம் 70 மி.மீ., இரு பக்கமும் வலமரை. பிரெஞ்சு மரையின் விட்டம் 35 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1 மி.மீ., ஷெல்லின் அகலம் 68 மி.மீ., இரு பக்கமும் வலமரை. சுவிஸ் மரை அளவில் பிரெஞ்சு மரையேதான். வலப்பக்கம் மட்டும் அதில் இடமரையாக இருக்கும்.

இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தால், விடை அதிலேயே இருக்கிறது. நீங்கள் வாங்கியது ஆங்கில மரை பி.பி.; அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் சொன்னால் 34.8. ஷெல் இத்தாலியதாக இருந்திருந்தால் இந்த பி.பி. எங்கும் பிடிக்காமல் உள்ளே வழுக்கிச் சென்றிருக்கும். இடப்பக்கம் மூன்று சுற்று ஏறியது, விட்டம் ஏறக்குறைய ஒத்திருப்பதைக் காட்டுகிறது. பிறகு இறுகியது, மரை இடைவெளி ஒத்துப்போகவில்லை என்பதைக் காட்டுகிறது. அங்குலத்துக்கு 24 மரை என்றால் ஒரு மரைக்கு 1.058 மி.மீ.; பிரெஞ்சு மரையோ சரியாக 1 மி.மீ. ஒரு சுற்றில் கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் மூன்று சுற்றில் சேர்ந்து முட்டிக்கொள்கிறது. வலப்பக்கம் பிடிக்கவே இல்லை என்பதற்குக் காரணம், இடமரையை வலமரைக்குள் திருக முயன்றதுதான். ஆகவே உங்களுடையது பிரெஞ்சு மரை. சுவிஸ் மரையாக இருந்தால் வலப்பக்கமும் சில சுற்றுகள் ஏறியிருக்கும். உறுதிப்படுத்திக்கொள்ள, பழைய வலப்பக்கக் கப்பை எந்தத் திசையில் சுழற்றிக் கழற்றினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்: இடஞ்சுழியாகக் கழன்றிருந்தால் ஐயமே இல்லை. 1970களின் பிற்பகுதியில் மோட்டோபெக்கான் போன்ற பிரெஞ்சு நிறுவனங்கள் சுவிஸ் மரையைப் பயன்படுத்தியதால், பிரெஞ்சு சைக்கிள் என்பதை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

டேப் ஓட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசைப்படகு எஞ்சினையே பிரித்துக் கோக்கும் குளச்சல் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குக் குறைவான எண்ணம் இல்லை. ஆனால் டேப் இரும்பை வெட்டி எடுக்குமே தவிர, எடுத்ததைத் திருப்பித் தராது. ஏற்கெனவே 35 மி.மீ. விட்டத்தில் வெட்டப்பட்ட ஓட்டையில் அதைவிடச் சற்றே சிறிய ஆங்கில டேப்பை ஓட்டும்போது, பழைய மரையின் முகடுகள் குறுக்கே அறுபட்டுப் பாதி மரைதான் மிஞ்சும். வலப்பக்கத்தில் வலமரையின் மேல் இடமரையை வெட்டுவதால், மிச்சம் இருப்பது மரையாகவே இருக்காது. சிறு சிறு கூம்புகளாக நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தச் சட்டம் ஒன்றை ஒரு பட்டறையில் இப்படிச் செய்து கொடுத்தார்கள். முதல் மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோதே வலப்பக்கக் கப் அசைந்தது. இரண்டு மாதத்தில் மரை முழுவதும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை இழந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்களுக்கு மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. பழைய கப்புகளின் உள்தடத்தில் பள்ளமோ துருக்குழியோ இல்லையென்றால், அவற்றையே வைத்துக்கொண்டு, காட்டர் பின் அச்சுக்குப் பதிலாகச் சதுர முனை கொண்ட அச்சை மட்டும் போடுவதே முதல் வழி. அப்போது அச்சின் மொத்த நீளத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அதிலுள்ள இரண்டு பால் தடங்களுக்கு இடையிலான தூரம் பழைய அச்சில் இருந்ததற்கு ஒத்துவருகிறதா என்று அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கக் கப் ஷெல்லுக்கு வெளியே அதிகமாக நீட்டி நிற்கும், அல்லது உள்ளே புதைந்துபோகும். பால்ஸ் 1/4 அங்குலம், பக்கத்துக்கு 11. அவற்றைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். கப்புகள் கெட்டுப்போயிருந்தால், பில் வுட் நிறுவனம் தன் பி.பி.க்கென்று பிரெஞ்சு மரை வளையங்களைத் தயாரிக்கிறது. விலை கூடுதல் என்றாலும் ஆயுளும் கூடுதல். மூன்றாவதாக, மரையையே நம்பாமல், இரு பாதிகளும் ஷெல்லுக்குள் ஒன்றோடொன்று திருகி, ஷெல்லின் இரு விளிம்புகளையும் பற்றிக்கொள்ளும் மரையில்லா பி.பி. உண்டு. மரை அழிந்த சட்டத்துக்கு அது உயிர் கொடுக்கும். உங்களுடையதைப் போன்ற நல்ல மரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி கிராங்க். ஷெல் முடிவு செய்வது கப்பை மட்டும்தான். அச்சின் நீளத்தை முடிவு செய்வது கிராங்க். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பழைய அச்சை அளந்து அதே நீளத்தில் புதிய அச்சு வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். பழைய அச்சுகள் பலவற்றில் செயின் பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும்; புதியவை பெரும்பாலும் இருபுறமும் சமம். மொத்த நீளம் ஒன்றாகவே இருந்தாலும் கிராங்கிலுள்ள பல்லுச்சக்கரம் வேறு இடத்தில் போய் நிற்கும். எனவே முதலில் கிராங்கைத் தேர்ந்தெடுங்கள்; அதற்கென்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அச்சு நீளத்தைக் கண்டுபிடியுங்கள்; பிறகு அது உங்கள் சட்டத்தில் செயினை நேராக ஓடவிடுமா என்று கணக்கிடுங்கள்.

கணக்கு எளிது. பின்சக்கரத்தை மாட்டும் இரண்டு தகடுகளின் உட்பக்கங்களுக்கு இடையே எவ்வளவு என்று அளங்கள். பின்னால் ஐந்து பல்சக்கரம் கொண்ட அக்காலச் சைக்கிள்களில் அது பொதுவாக 120 மி.மீ.; பாதி 60. வலப்பக்கத் தகட்டின் உட்பக்கத்திலிருந்து நடுப் பல்சக்கரம்வரை 18 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 60இல் 18 போக 42 மி.மீ. உங்கள் பின் செயின் கோடு, அதாவது சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் இடம்வரை உள்ள தூரம். முன்புறத்தில், சீட் குழாயின் வெளிப்பரப்பிலிருந்து இரு பல்லுச்சக்கரங்களின் நடுப்புள்ளிவரை அளந்து, அதனுடன் சீட் குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். பிரெஞ்சு சட்டங்களில் சீட் குழாய் பெரும்பாலும் 28 மி.மீ.; ஆங்கிலச் சட்டங்களில் 28.6 மி.மீ. என்பதால் இதையும் காலிப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவு 29 என்றால், 14ஐக் கூட்ட 43 மி.மீ. வருகிறது. பின்னால் 42, முன்னால் 43: இந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் தொந்தரவு இல்லை. இரட்டைப் பல்லுச்சக்கரம் கொண்ட பந்தய சைக்கிளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முன் செயின் கோடு 43.5 மி.மீ. முன்பக்கம் 3 மி.மீ. வெளியே நிற்கிறது என்றால், சம அச்சில் மொத்த நீளத்தை 6 மி.மீ. குறைக்க வேண்டும், ஏனென்றால் குறைப்பதில் பாதிதான் செயின் பக்கத்துக்கு வந்து சேரும். குறைக்கும்போது சிறிய பல்லுச்சக்கரம் சட்டத்தின் பின் கீழ்க்குழாயில் உரசாமல் 2, 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். பழைய பிரெஞ்சு பெடலின் மரை 14 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. இடைவெளி கொண்டது, இன்றைய கிராங்குகளில் இருப்பது 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. தாய்மாமாவின் பெடலைப் புதிய கிராங்கில் வலிந்து ஏற்றினால் கிராங்கின் மரை போய்விடும். அதேபோல், பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்க் கிடைத்து வாங்குவதாக இருந்தால், அதைக் கழற்றும் கருவியின் மரை 23.35 மி.மீ., டி.ஏ. கிராங்குக்கு 23 மி.மீ.; எல்லாக் கடைகளிலும் இருக்கும் 22 மி.மீ. புல்லரை அவற்றில் திருகினால் ஒரே இழுப்பில் மரை உரிந்து வரும்.

கேள்வி: துபாயில் வேலை செய்தபோது வாங்கிய இத்தாலியச் சட்டத்தில் 1990களின் கம்பன்யோலோ கிராங்க் இருக்கிறது. 111 மி.மீ. அச்சுள்ள பழைய பி.பி. போய்விட்டதால், கடைக்காரர் இத்தாலிய மரையில் 110 மி.மீ. ஷிமானோ பி.பி. ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டித் தந்தார். ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு. ஆனால் பல்லுச்சக்கரம் முன்பைவிட வெளியே நிற்கிறது, செயினும் அடிக்கடி இறங்கிவிடுகிறது. குறைந்த நீளத்துக்கு உள்ளே அல்லவா போக வேண்டும்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் கேள்வி மிக நியாயமானது. நீளத்தை மட்டும் பார்த்தால் பல்லுச்சக்கரம் அரை மில்லிமீட்டர் உள்ளேதான் போயிருக்க வேண்டும். வெளியே தள்ளியது அச்சு முனையின் பருமன்.

சதுர அச்சு முனைகள் பக்கத்துக்கு 2 பாகை சரிவோடு கூம்பி வருகின்றன. சரிவு எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் சதுரம் எவ்வளவு பருமனில் தொடங்குகிறது என்பதில் இரண்டு தரங்கள் நிலைத்துவிட்டன. ஷிமானோ, சுஜினோ முதலான ஜப்பானிய நிறுவனங்கள் பின்பற்றுவது ஜே.ஐ.எஸ். தரம், கம்பன்யோலோ பின்பற்றுவது ஐ.எஸ்.ஓ. தரம். ஐ.எஸ்.ஓ. முனை சற்று மெலிந்தது, அதற்கேற்ப ஐ.எஸ்.ஓ. கிராங்கின் துளையும் சற்றுச் சிறியது. அந்தச் சிறிய துளையைப் பருத்த ஜே.ஐ.எஸ். முனையில் ஏற்றும்போது, கிராங்க் வழக்கமான இடத்துக்கு ஏறக்குறைய 4.5 மி.மீ. முன்பாகவே இறுகி நின்றுவிடுகிறது. அதுவே உங்கள் பல்லுச்சக்கரம் வெளியே நிற்பதற்குக் காரணம். உலக்கைக்குப் பூண் போடுகிறவர், உலக்கை சற்றுப் பருத்திருந்தால் பூண் எங்கே நிற்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இங்கும் அதே கதைதான்.

சரியான தீர்வு, இத்தாலிய மரையில் 111 மி.மீ. ஐ.எஸ்.ஓ. அச்சுள்ள பி.பி. போடுவதுதான். அது எங்கும் கிடைக்காத நிலையில் ஜே.ஐ.எஸ். அச்சிலேயே ஓட்ட வேண்டியிருந்தால், இருபுறமும் 4.5 வீதம் 9 மி.மீ. குறைத்து, அதாவது 102, 103 மி.மீ. அளவில் அச்சு தேட வேண்டும். சரிவு ஒன்றே என்பதால் அது ஓடும். ஆனால் கிராங்க் அச்சைப் பற்றும் நீளம் குறைந்துவிடுவதால், எழுந்து நின்று வலுவாக மிதிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது. மெலிந்த ஐ.எஸ்.ஓ. முனையில் ஜே.ஐ.எஸ். கிராங்கைப் போட்டால், அது வேண்டியதற்கு மேல் உள்ளே ஏறிவிடும்; அச்சின் நுனி போல்ட் அமரும் இடத்தை முட்டிய பிறகு எவ்வளவு முறுக்கினாலும் கிராங்க் இறுகாது, கைக்கு மட்டும் இறுகியதாகத் தோன்றும். சில நாட்களில் அலுமினியத் துளை நாற்புறமும் பிதுங்கி உருண்டுவிடும். அப்படி உருண்ட கிராங்கைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்து வழி இல்லை. பழைய கிராங்க் வாங்கும்போது, குறிப்பாக இடப்பக்கக் கிராங்கின் சதுரத் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூலைகள் கூர்மையாக இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மாட்டிய பின், அச்சின் நுனிக்கும் போல்ட் அமரும் இடத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சதுர முனைக் கிராங்க் போல்ட்டுக்கு ஷிமானோ சொல்லும் இறுக்கம் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர்.

உங்கள் சட்டம் இத்தாலியது என்பதால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. வலப்பக்கத்தில் இருப்பது வலமரை. மிதிக்கும்போது அழுத்தம் கப்பின் உள்வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வர, கப் அதற்கு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாக நகர முயலும்; வலப்பக்கத்தில் அந்த நகர்வு வலமரையைத் தளர்த்தும் திசையில் அமைகிறது. ஆங்கிலேயர்கள் அந்தப் பக்கத்துக்கு இடமரை வைத்ததன் காரணம் இதுதான். எனவே இத்தாலியச் சட்டத்தில் வலப்பக்கத்தை முழுக் கவனத்தோடு, 70 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, முதல் மாதத்தில் இரண்டு முறையாவது சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்பா காலத்து ராலே சைக்கிள், இங்கிலாந்தில் செய்தது, வளைந்த ஹேண்டில்பார் உள்ளது. ஆங்கில சைக்கிள்தானே என்று ஆங்கில மரை பி.பி. வாங்கிப் பார்த்தேன், அதுவும் இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிட்டது. காட்டர் பின் கிராங்க் சில மாதங்களுக்கு ஒருமுறை தளர்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: ராலே நிறுவனம் நாட்டிங்ஹாமில் செய்த பல சைக்கிள்களுக்குத் தனக்கென்று ஒரு மரை வைத்திருந்தது: விட்டம் 1 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. ஷெல்லின் அகலமும் வழக்கமான 68 இல்லை. பெரும்பாலும் 71 மி.மீ., சிலவற்றில் 76 மி.மீ. முதலில் அகலத்தை அளந்து பாருங்கள். 71 என்றால் பழைய கப்புகளைப் பொன்போலக் காப்பாற்றுங்கள், ஏனென்றால் அவற்றுக்கு ஈடு எளிதில் கிடைக்காது. வலப்பக்கக் கப்பைக் கழற்றாமலேயே உள்ளே துடைத்துச் சுத்தம் செய்து, புதிய பால்ஸும் கிரீஸும் போட்டுவிடலாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் இடமரை என்பதை மறக்க வேண்டாம்: வலஞ்சுழியாகச் சுழற்றினால்தான் கழலும். எதிர்த்திசையில் சுத்தியலால் அடித்து அடித்து, இறுதியில் ஷெல்லையே பிளந்துவிட்ட ஒரு சட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கிராங்க் தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் பின் போடும் முறைதான். ஆங்கில சைக்கிள்களுக்கு வேண்டிய பின் 9.5 மி.மீ.; பிரெஞ்சு சைக்கிள்களுக்கானது 9 மி.மீ. அரை மில்லிமீட்டர்தானே என்று மெல்லியதைப் போட்டால் அது எத்தனை முறை அடித்தாலும் தளரும். பின்னின் சாய்ந்த பட்டைப் பரப்பை அரத்தால் சீராகத் தேய்த்து, அது அச்சின் வெட்டுப் பரப்பில் முழுவதும் படிகிறதா என்று மையோ கரியோ தடவிப் பாருங்கள். இரு பக்கத்துப் பின்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து நுழைய வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் அடித்துவிட்டால் இரண்டு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. அடிக்கும்போது கிராங்கின் அடியில் கனத்த இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாத அடி முழுவதும் பால்ஸ் மீதும் கப் மீதும் இறங்கி, தடத்தில் குழி விழும். நட்டின் வேலை பின்னைப் பிடித்து வைப்பது மட்டுமே. அதை முறுக்கிப் பின்னை இழுக்கப் பார்த்தால் மரைதான் அறுந்துவிடும். புதிய பின் போட்டு 40, 50 கிலோமீட்டர் ஓட்டியபின் முட்டுக் கொடுத்து இன்னொரு முறை தட்டி, நட்டை இறுக்கிவிடுங்கள். இரும்புக் கிராங்க் என்பதற்காக அதை மாற்ற நினைக்கத் தேவையில்லை. ஒழுங்காகப் போட்ட காட்டர் பின் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும். உங்கள் அப்பா அதில்தான் ஓட்டியிருப்பார்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். 1980களின் பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முன்னால் 52, 42 பல், பின்னால் 14 முதல் 24. சமதளத்தில் அருமையாக ஓடுகிறது. தடிக்காரன்கோணம் தாண்டி பாலமோர் ஏறும்போது முழங்கால் வலிக்கிறது. சிறிய சக்கரத்தை மட்டும் கழற்றி 34 பல் சக்கரம் போட முடியுமா? கிராங்கை மாற்றினால் பி.பி.யையும் மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியுமா என்பது பல்லுச்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து போல்ட்டுகளின் வட்டத்தைப் பொறுத்தது. அருகருகே உள்ள இரண்டு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையே காலிப்பரால் அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். பெருக்குவதற்கு முன் அளவு 84.6 மி.மீ. என்று வந்தால் வட்டத்தின் விட்டம் 144 மி.மீ.; 76.4 வந்தால் 130, 64.7 வந்தால் 110. கம்பன்யோலோ 1960களின் பிற்பகுதியிலிருந்து தன் ரெக்கார்டு கிராங்குகளில் கொண்டிருந்த 144 மி.மீ. வட்டத்தையே வேறு பல நிறுவனங்களும் பின்பற்றின. அதில் 41 பல்லுக்குக் கீழே போக முடியாது, ஏனென்றால் செயின் போல்ட்டுகளின் மேலேயே ஏறிவிடும். 130 மி.மீ. வட்டத்தில் 38 பல்வரை போகலாம். 34 பல் வேண்டுமென்றால் 110 மி.மீ. வட்டமுள்ள கிராங்க்தான் வேண்டும். 42 பல் சக்கரம் இருப்பதை வைத்து உங்களுடையது 144 என்றே நினைக்கிறேன். ஆனாலும் அளந்து பாருங்கள்.

மாற்றினால் பலன் நிச்சயம் தெரியும். 42க்கு 24 என்பது 1.75 விகிதம், 34க்கு 24 என்பது 1.42. ஐந்தில் ஒரு பங்கு சுமை குறைகிறது, பாலமோர் ஏற்றத்தில் உங்கள் முழங்கால் அதை முதல் வளைவிலேயே உணரும். ஆனால் கிராங்கை மாற்றும்போது பி.பி. அச்சின் நீளத்தையும் அநேகமாக மாற்ற வேண்டியிருக்கும். அக்காலப் பந்தயக் கிராங்குகளுக்கும் இன்றைய 110 மி.மீ. கிராங்குகளுக்கும் உடல் வளைவு வேறு. அதே அச்சில் போட்டால் பல்லுச்சக்கரம் வெளியே தள்ளி நிற்கலாம், அல்லது உள்ளே சென்று சட்டத்தை உரசலாம். குளச்சல் வாசகருக்குச் சொன்ன செயின் கோட்டுக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். உங்கள் சைக்கிளில் பின் தகடுகளின் இடைவெளி 126 மி.மீ. ஆக இருக்கலாம், அப்போது பாதி 63 என்று கணக்கிடுங்கள். ஷெல் ஆங்கில மரை என்றால் உங்கள் வேலை மிக எளிது, ஏனென்றால் 107, 110, 113, 115, 118, 122.5 மி.மீ. என்று பல நீளங்களில் சதுர முனை பி.பி.க்கள் வந்திருக்கின்றன.

பின்புற டெரெய்லரையும் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) மறக்க வேண்டாம். முன்னால் 50, 34 என்றால் வித்தியாசம் 16. பின்னால் 14, 24 என்றால் 10. இரண்டும் சேர்ந்து 26 பல் அளவுக்கான தளர்ந்த செயினை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். இப்போது அது பிடிப்பது 20 மட்டுமே. போதவில்லை என்றால் பெரிய சக்கரத்தை 46 ஆக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 22க்கு இறங்கிவிடும். 46க்கு 14 என்பது நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிவரை உள்ள சாலைக்குத் தாராளம். ஆரல்வாய்மொழிப் பக்கம் எதிர்க்காற்றில் ஓட்டும்போது 52 பல் சக்கரத்தை நீங்கள் எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

வெளிப்புறப் பேரிங் கொண்ட, 24 மி.மீ. குழல் அச்சுள்ள புதிய வகைக் கிராங்கைப் போடலாமா என்றும் சில மாணவர்கள் கேட்கிறார்கள். ஆங்கில மரை ஷெல்லில் அது ஏறும். ஆனால் ஷெல்லின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று துல்லியமாக இணையாக இருக்க வேண்டும். பழைய சட்டங்கள் பலவற்றில் அப்படி இருப்பதில்லை, அதனால் முகத்தைச் சீவிச் சமப்படுத்தும் கருவி உள்ளவரிடம் போக வேண்டும். மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குக் கீழே அந்தப் பருத்த பேரிங் குண்டுகள் எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. எனக்கு அது கண்ணை உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்தாவிட்டால் தடை ஒன்றும் இல்லை.

கேள்வி: கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில்தான் எங்கள் வீடு. பி.பி.யை மாட்டும்போது மரையிலும் அச்சு முனையிலும் கிரீஸ் தடவலாமா, கூடாதா? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, முட்டம்

பதில்: மரையில் தாராளமாகத் தடவுங்கள், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அலுமினியக் கப்பும் இரும்பு ஷெல்லும் உப்புக்காற்றில் நனைந்து உலர்ந்து கொண்டே இருந்தால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து ஒட்டிக்கொள்ளும். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அந்த ஒட்டுதல் விரைவாகவே நடக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை கப்பைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் போட்டால், பத்து ஆண்டு கழித்தும் கையால் கழற்ற முடியும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; அது நாளடைவில் பிசினாகிவிடும். ஷெல்லின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை இருந்தால் அதில் அடைந்திருக்கும் மண்ணைக் குத்தி எடுங்கள், இல்லாவிட்டால் சீட் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் முழுவதும் பி.பி.யின் மேல் தேங்கி நிற்கும்.

சதுர முனை பற்றித்தான் கருத்து வேறுபாடு. கிரீஸ் தடவினால் கிராங்க் தேவைக்கு மேல் உள்ளே ஏறித் துளை விரியும் என்பது ஒரு சாராரின் அச்சம். சொன்ன அளவுக்கே போல்ட்டை இறுக்குகிறவருக்கு அந்த அச்சம் தேவையில்லை என்பது என் முடிவு. கடலோரத்தில் உலர்ந்த முனையில் துரு ஏறிக் கிராங்க் கழல மறுப்பதே நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. எனவே முனையையும் துளையையும் நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியில் எடுத்த கிரீஸை மெல்லிய படலமாகத் தேய்த்து, மீதியைத் துணியால் வழித்துவிட்டு மாட்டுங்கள். போல்ட்டின் மேல் மூடும் சிறு தொப்பி தொலைந்திருந்தால் முதல் வேலையாக அதை வாங்கிப் போடுங்கள். கிராங்கைக் கழற்றும் புல்லருக்கான மரை அந்தத் தொப்பிக்கு அடியில்தான் இருக்கிறது, அது உப்பில் அரித்துவிட்டால் கிராங்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.